உங்களுக்குத் தெரியுமா? கட்டிக்குப் பக்கத்தில் யார்?

காலையில் மறைமலை நகர் ஸ்டேஷனில் கடற்கரை வண்டிக்காக நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். சாப்பாட்டுப் பை, லேப்டாப் பைகளுக்கு நடுவே, அகலமான ஸ்கேன் கவர் ஒன்றை மடங்காமல் மார்போடு அணைத்தபடி யாராவது ஒருவர் நிற்பார். உள்ளே இருப்பது கணையக் கட்டிக்காக எடுத்த படம் என்றால், வீட்டில் எல்லோரும் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: "கட்டி எவ்வளவு பெருசு?" கத்தி பிடிக்கப் போகும் மருத்துவர் அந்தப் படத்திடம் கேட்பது வேறு: "கட்டிக்குப் பக்கத்துல யாரு?"

இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றித்தான்.

●

வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டு, 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பேரில் அமைந்த ஊர் இது. அந்த ஊரிலேயே நாம் ‘சி.டி.’, ‘எம்.ஆர்.ஐ.’ என்றுதான் சொல்கிறோம், அடிகள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆனால் ‘கணையம்’ என்ற சொல்லைக் கேட்டால் அவர் மகிழ்ந்திருப்பார். பழந்தமிழில் கணையம் என்றால் கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் கட்டை. உடம்புக்குள் இருக்கும் கணையமும் அப்படித்தான் கிடக்கிறது: இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் குறுக்கே, ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில். பெயர் வைத்தவர் கதவை நினைத்து வைத்தாரோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

●

தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கியது. காசநோய்க்கு என்றே வந்த இடம். நம் புறநகரில் வெகுகாலம் ‘எக்ஸ்ரே’ என்றாலே நெஞ்சுப் படம்தான். காரணம் எளிது. நுரையீரல் முழுக்கக் காற்று. காற்று கறுப்பாகத் தெரியும், நோய் வெள்ளையாகத் தெரியும். கணையத்துக்கு அந்த வசதி கிடையாது. சதைக்குள் சதை, அதற்குள் சதை. சாதாரண எக்ஸ்ரேயில் கணையம் தெரியவே தெரியாது.

தெரியும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ரொம்பப் பழக்கமான சந்தர்ப்பம். கீழே வருகிறேன்.

●

வயிற்றுவலி, மஞ்சள் காமாலை என்று போனால் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். ‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவது சட்டப்படி குற்றம்’ என்ற பலகைக்குக் கீழே அறுபது வயது தாத்தாவும் வரிசையில் உட்கார்ந்திருப்பது 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் உபயம். அந்தக் கருவி யார் வயிற்றைப் பார்த்தாலும் பலகை இருந்தாக வேண்டும். பித்தக்குழாய் வீங்கியிருக்கிறதா, கல்லா என்பதை அல்ட்ராசவுண்ட் சொல்லிவிடும். கணையத்தை முழுசாகக் காட்டுவதில்தான் சிக்கல். முன்னால் இரைப்பையிலும் குடலிலும் வாயு. ஒலி அலைக்கு வாயு என்றால் சுவர். "கணையத்தின் வால்பகுதி வாயுவால் மறைந்துள்ளது" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தால், அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று பொருள் அல்ல. அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

●

சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படுக்கவைத்தது 1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் விம்பிள்டனில். அது தலைக்கு எடுத்த படம். கருவியை வடிவமைத்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது இ.எம்.ஐ. நிறுவனத்தில், நம் பாட்டி தாத்தாக்கள் கிராமபோனில் கேட்ட இசைத்தட்டுகளின் அதே நிறுவனம். 1979-ல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு. இன்றும் சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில்தான் மதிப்பெண்: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000.

அன்றைய கருவி ஒரு சுற்றுக்குப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். தலை ஆடாமல் இருக்கும், வயிறு இருக்குமா? மூச்சு விட்டால் கணையம் மேலும் கீழும் போய்வரும். 1989 வாக்கில் சுழல் முறை சி.டி. வந்த பிறகுதான், ஒரு மூச்சை அடக்கும் நேரத்தில் வயிற்றை முழுசாக எடுக்க முடிந்தது. ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் குரலுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு இது.

●

‘டை போட்டு எடுக்கணும்’ என்பார்கள். டை என்றால் சாயம் அல்ல, அயோடின் கலந்த மருந்து. கையில் ஊசி வழியே நொடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று பலருக்கும் தோன்றும். போயிருக்காது. முன்கூட்டியே கிரியாட்டினின் பார்ப்பது, இந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும் என்பதால். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும், அலர்ஜி இருப்பவர்கள் அதையும் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

●

அந்த மருந்து ஏறிய பிறகு எத்தனையாவது நொடியில் படம் எடுக்கிறார்கள் என்பதில்தான் கணையத்துக்கான சி.டி.யும் சாதாரண வயிற்று சி.டி.யும் பிரிகின்றன.

ஏறத்தாழ 40-வது நொடியிலிருந்து 50-வது நொடிக்குள் கணையம் ரத்தத்தை உறிஞ்சிப் பளிச்சென்று வெளுக்கும். கணையப் புற்று பெரும்பாலும் நார் மண்டிய, ரத்த ஓட்டம் குறைந்த கட்டி. அது வெளுக்காது. வெள்ளை வேட்டியில் காப்பிக் கறை போலத் தெரியும். இன்னும் கொஞ்சம் தாமதித்து 70-வது நொடியளவில் இரண்டாவது முறை எடுத்தால், சிரைகளும் கல்லீரலும் தெளிவாகத் தெரியும். கல்லீரலில் பரவல் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போதுதான். ஒரே ஊசி, இரண்டு பயணம். முதல் வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டியில் கறை மங்கிவிடும். சிலருக்கு மறைந்தே போகும்.

எனவே ‘ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே, மறுபடி ஏன்?’ என்று மறுபடி எடுக்கச் சொல்லும் மருத்துவர் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. முதலில் எடுத்தது பெரும்பாலும் ஒரே பயணத்தில் எடுத்த பொதுவான படமாக இருக்கும்.

●

சரியான நொடியில் எடுத்தாலும் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் கட்டி, சுற்றியுள்ள கணையத்தின் நிறத்திலேயே இருந்து ஏமாற்றும். அப்போது ரேடியாலஜிஸ்ட் கட்டியைத் தேடுவதை விட்டுவிட்டு, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கணையக் குழாயும் பித்தக்குழாயும் இரண்டும் வீங்கி, ஒரே இடத்தில் சட்டென்று முடிந்தால், முடிந்த இடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

●

இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி இணையாக ஓடுகின்றன அல்லவா? கணையத்தின் தலைக்கு அருகிலும் அப்படி இரண்டு பெருவழிகள்: குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மேல்குடல் தமனி, குடலிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மேல்குடல் சிரை. கட்டி என்பது சாலையோர ஆக்கிரமிப்பு மாதிரி. கடை எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்வி. சாலையைத் தொட்டிருக்கிறதா, எவ்வளவு தூரம் வளைத்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு கோணம். குறுக்குவெட்டில் ரத்தக் குழாய் ஒரு வட்டம். வட்டத்தில் பாதி, அதாவது 180 பாகைதான் எல்லை. கட்டி முக்கியத் தமனிகள் எதையும் தொடவே இல்லை, சிரையைத் தொட்டாலும் பாதிக்கு உட்பட்டு, அதன் வடிவத்தைக் கெடுக்காமல் தொட்டிருக்கிறது என்றால், எடுத்துவிடலாம். மேல்குடல் தமனியைப் பாதி வரை தொட்டிருந்தால் ‘எல்லைக்கோட்டு’ நிலை. பெரும்பாலும் முதலில் கீமோ, அப்புறம் மறுபடி ஸ்கேன். பாதிக்கு மேல் அணைத்துவிட்டது என்றால் உடனடி அறுவைக்கு இடமில்லை.

சிரையிடம் ஏன் இத்தனை தாராளம், தமனியிடம் ஏன் இத்தனை கண்டிப்பு? சிரையின் ஒரு துண்டை வெட்டியெடுத்து முனைகளை இணைத்துவிடலாம். அனுபவமுள்ள இடங்களில் இது வழக்கமாக நடக்கிறது. தமனியைச் சுற்றி நரம்புப் பின்னல் மண்டிக் கிடக்கும், அதன் வழியே புற்று ஊர்ந்துபோகும். வெட்டியும் பலன் குறைவு, ஆபத்து அதிகம்.

வட்டமாக இருக்க வேண்டிய சிரை, படத்தில் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு இழுபட்டிருந்தால் அதற்கும் தனிப் பெயர் உண்டு. பெயர் ‘கண்ணீர்த்துளி அடையாளம்’தான்.

●

அதனால் 4 செ.மீ. கட்டி உள்ளவருக்கு அறுவை நடக்கும், 2 செ.மீ. கட்டி உள்ளவருக்கு நடக்காமல் போகும். இடம்தான் காரணம்.

●

கல்லீரலின் வலது பகுதிக்கு ரத்தம் போகும் குழாய் எல்லோருக்கும் ஒரே வழியில் போவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது மேல்குடல் தமனியிலிருந்து கிளம்பி, கணையத் தலையின் பின்புறமாக ஒளிந்து செல்லும். தெரியாமல் வெட்டினால் கல்லீரல் பட்டினி. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மைக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து இந்த வழித்தடங்களை 1955-ல் வகைப்படுத்தினார். இன்று அதே தகவல் மூச்சடக்கும் நேரத்தில் கிடைக்கிறது. நல்ல ரிப்போர்ட்டில் இதற்கென ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் அறுவை மருத்துவர் தானே தேடிப் பார்ப்பார்.

●

இத்தாலியின் பாதுவா நகரில் 1642-ல் வீர்சங் என்ற ஜெர்மானியர் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்தபோது, கணையத்துக்குள் ஒரு குழாயைக் கண்டார். தமனியா, சிரையா, வேறு எதுவுமா என்று புரியவில்லை. செப்புத் தகட்டில் படம் வரைந்து, அச்செடுத்து, ஐரோப்பாவின் உடற்கூறு அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். படத்தை அனுப்பி இரண்டாவது கருத்துக் கேட்கும் பழக்கம் நம் வாட்ஸ்அப் காலத்தில் வந்ததல்ல. பாவம், மறு ஆண்டே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் வரைந்த அதே குழாயை இன்று எம்.ஆர்.ஐ.யில், உள்ளே இருக்கும் நீரையே ஒளிரவைத்து, ஊசி மருந்தே இல்லாமல் முழு நீளத்துக்கும் பார்க்கலாம்.

●

கண் மஞ்சள், சிறுநீர் மஞ்சள் என்றால் நம் பக்கத்தில் முதலில் கீழாநெல்லி. இதைக் கேலி செய்வதற்கில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பிளம்பெர்குடன் சேர்ந்து, கீழாநெல்லி பற்றிய ஆய்வை 1988-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. அந்த நல்ல முடிவைப் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் உறுதிசெய்யவில்லை என்பது வேறு கதை.

விஷயம் என்னவென்றால், அந்த ஆய்வு காமாலை உண்டாக்கும் கிருமியைப் பற்றியது. கணையத் தலையில் கட்டி வந்தால் காமாலை வருவது பித்தக்குழாய் நசுங்குவதால். குழாய் அடைப்புக்கு எந்த இலையும் வழி திறக்காது. வலியே இல்லாமல் வரும் காமாலை, களிமண் நிறத்தில் மலம், உடம்பெல்லாம் அரிப்பு, வயது ஐம்பதுக்கு மேல்: இந்த நான்கும் சேர்ந்தால் பத்தியம் இருந்து பார்க்கும் வாரங்களுக்கு விலை அதிகம்.

●

காமாலையை இறக்கப் பித்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பார்கள். அறுவை பற்றிய பேச்சு இருந்தால், சி.டி. முதலில், ஸ்டென்ட் அப்புறம். உலோக ஸ்டென்ட் படத்தில் கோடு கோடாக ஒளிச்சிதறல் கிளப்பும். ஸ்டென்ட் வைத்த சிலருக்குக் கணையம் வீங்கிக்கொள்ளும்; அப்புறம் வீக்கம் எது, கட்டி எது என்று பிரிப்பது பெரும்பாடு. வரிசை மாறியதால் மட்டுமே குழம்பிப்போன படங்கள் ஏராளம். எனக்கு இந்தத் துணுக்குகளில் எதை முதலில் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டுவீர்கள் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

●

முன்னே சொன்ன அந்தச் சந்தர்ப்பம்: சாதாரண எக்ஸ்ரேயிலேயே கணையம் தெரியும் மனிதர்கள்.

முதுகெலும்பின் இருபுறமும் பொரி தூவியது போல வெள்ளை வெள்ளையாகக் கற்கள். மது வாடையே அறியாத, ஒல்லியான இளைஞர். சிறுவயதில் வயிற்றுவலி, இருபதுகளில் சர்க்கரை. வெப்பநாட்டுக் கணைய அழற்சி என்று இதற்குப் பெயர். 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து ஸைடெமா என்பவர் விவரித்தார். கேரளத்தில் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கில் நோயாளிகளைச் சேகரித்துக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு மேல் வெகுகாலம் பழி இருந்தது. பின்னால் ஸ்பிங்க்-1 என்ற மரபணுக் கோளாறு பலரிடம் தெரியவந்த பிறகு, கிழங்கு பாதி விடுதலையாகியிருக்கிறது.

சென்னையில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த குழுவில் ராயபுரம் எம்.விஸ்வநாதன், வி.மோகன், சுரேஷ் சாரி, மதனகோபாலன் ஆகியோர் இருந்தார்கள். அவர்கள் 1994-ல் வெளியிட்ட கணக்கு தூக்கிவாரிப் போடும்: 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டு கவனித்ததில் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் இறந்தது கணையப் புற்றால். இந்தியாவில் பொதுவாகக் கணையப் புற்று குறைவு, லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 6 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

அறுவைக்கு முன்னான ஸ்கேனில் இது தரும் தலைவலி தனி ரகம். பல ஆண்டு அழற்சியில் கணையம் சுருங்கி, நார் மண்டி, ஒரு பக்கம் திரண்டு கட்டி மாதிரியே நிற்கும். குழாய் எப்போதோ வீங்கிவிட்டது, அதனால் அந்தத் தடயமும் உதவாது. கற்களின் வெண்மை பக்கத்தில் இருப்பதை மறைக்கும். பழைய படம் கையில் இருந்தால் மட்டும் ஒரு பிடி கிடைக்கும்: போன வருடம் இருந்த கல் இந்த வருடம் இடம் மாறித் தள்ளப்பட்டிருக்கிறதா? தள்ளியது யார்? இப்படிப்பட்ட குடும்பங்களில் பழைய ஸ்கேன் கவர்களை எடைக்குப் போட்டுவிடாமல் பரண்மேல் வைத்திருக்கும் பாட்டிகள் வாழ்க.

●

புற்று மாதிரியே நடிக்கும் இன்னொன்று, நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்கும் அழற்சி. கணையம் வழவழவென்று உருளையாக வீங்கும். ஸ்டீராய்டு மாத்திரையில் கரையும். கரைவது தெரியாமல் அறுத்தெடுத்துவிட்டு, பரிசோதனைக்கூட அறிக்கை வந்த பிறகு கையைப் பிசைந்த சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன.

●

இரைப்பை வரை எண்டோஸ்கோபியை இறக்கி, அதன் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் முறை 1980-ல் வந்தது. வெளியே வாயு தடுத்தது அல்லவா? இங்கே கருவி வாயுவைத் தாண்டி, கணையத்தின் கொல்லைப்புறத்துக்கே போய்விடுகிறது. சி.டி.க்குச் சிக்காத ஒரு செ.மீ. கட்டியும் சிக்கும், அங்கிருந்தே ஊசியால் சதைத்துணுக்கும் எடுக்கலாம்.

●

கல்லீரலில் மிளகளவு பரவல் இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. காட்டும். உடம்பில் வேறெங்காவது? பெட்-சி.டி. அதற்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரைக்கு 110 நிமிடத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். எனவே சேமித்து வைக்க முடியாது, அன்றைக்குச் செய்தது அன்றைக்கே. நம் தயிர்சாதத்தைவிட அவசரக்காரச் சரக்கு.

●

எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் வயிற்றின் உட்சவ்வில் ரவை தூவியது போல் ஒட்டிய மில்லிமீட்டர் பரவலைப் படம் காட்டாது. அதனால்தான் சந்தேகம் உள்ளவர்களுக்குப் பெரிய அறுவைக்கு முன் சிறு துளையிட்டு, கேமராவை விட்டுக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். ஓர் உறவினர் "ஆபரேஷன்னு கூட்டிப் போய்ப் பார்த்துட்டு மூடிட்டாங்க" என்று வருத்தமாகச் சொன்னால், பெரும்பாலும் நடந்தது இதுதான்: பயனில்லாத பெரிய காயம் ஒன்று தவிர்க்கப்பட்டிருக்கிறது.

●

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 2,122 பேரை அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கவனித்ததில், மூன்று ஆண்டுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்று. 2005-ல் இதை வெளியிட்ட குழுவின் முதல் பெயர், சென்னைக் கணக்கில் பார்த்தோமே, அதே சுரேஷ் சாரி. நூற்றில் ஒருவர்கூட இல்லை என்பதால் சர்க்கரை வந்த எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். சர்க்கரை ஏறும்போதே எடை மளமளவென்று இறங்கினால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

●

ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையக் கட்டி தெரியவந்தது 2003-ல், சிறுநீரகத்துக்காக எடுத்த சி.டி.யில். அவருக்கு இருந்தது வேறு ஜாதிக் கட்டி. ரத்த ஓட்டம் அதிகமுள்ள இந்த நாளமில்லாச் சுரப்பு வகை, படத்தில் பெரும்பாலும் கணையத்தைவிடப் பளிச்சென்று மின்னும்.

●

கீமோவுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேன் பொய் சொல்லும். புற்று செத்து வெறும் தழும்பு ஆனாலும், படத்தில் தமனியை அணைத்தபடியே தெரியும். ‘மாற்றமில்லை’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து ஓய்ந்துவிடாமல், வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் கட்டியை முழுசாக எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் புற்றுக் குறியீட்டு அளவு இறங்கியிருக்கிறதா, ஆள் தேறியிருக்கிறாரா என்பதும் இந்தக் கட்டத்தில் படத்துக்குச் சமமான சாட்சி.

●

ஊசி மருந்தே ஏற்றாத சாதாரண சி.டி.யில் கணையப் புற்றைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணால் முடியாது என்றிருந்தோம். சீனாவில் ‘பாண்டா’ என்று பெயரிட்ட செயற்கை நுண்ணறிவு, 20,530 பேரின் அப்படிப்பட்ட படங்களில், நோய் இருந்தவர்களில் 92.9 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்ததாக 2023-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. இந்த நோய் அரிதான ஊரில் பொய் எச்சரிக்கைகள் எத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்யும் என்பது என் கவலை.

●

மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் இன்று அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களையும் நடத்துகிறது. மறைமலை நகர்க்காரர்களுக்குப் பக்கம் 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, மூணு ஸ்டேஷன்தான்.

●

கடைசியாக அந்த அகலமான கவர். அதில் இருக்கும் பிலிம்களில் தேர்ந்தெடுத்த சில டஜன் படங்கள்தான் இருக்கும். கணைய சி.டி.யில் எடுப்பதோ நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில். 180 பாகையை அளக்க அவை மொத்தமும் வேண்டும். எனவே ஸ்கேன் மையத்தில் சி.டி. தட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள், கவருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். எடுத்து நாலு வாரம் தாண்டிய படத்தை வைத்து அறுவைக்கு நாள் குறிப்பதில்லை என்பதால், தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவர் கவரிலிருந்து பிலிமை உருவி வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்துவிட்டு மேஜையில் வைப்பார். தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, எலியின் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டி, அந்த இரண்டு வட்டங்களுக்கு வந்ததும் நிறுத்துவார்.